பதிமூணு குண்டுக்கு வெளக்கெண்ணெ

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு யாராச்சும் புத்தி சொன்னா பிடிக்காது. அதுவும் மெஷின் விஷயத்துல சொன்னா அந்த ஆளுகூட நாலு நாள் பேச மாட்டேன். இந்தக் கதை நடந்தப்ப ஃபிட்டர் வேலையில எனக்கு இருபத்திரண்டு வருஷம். ஃபேக்டரியில எந்த மெஷின் கீச்சுன்னு சத்தம் போட்டாலும் "உத்தமனைக் கூப்பிடுங்கப்பா"ன்னுதான் சொல்லுவாங்க. அப்பல்லாம் என் சட்டைப் பாக்கெட்டுல பேனா இருக்காது. கட்டைவிரல் உசரத்துக்கு ஒரு எண்ணெ கேன் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். என் பொண்டாட்டி உஷா துணி துவைக்கறப்போ எல்லாம் அந்தக் கறையைப் பாத்துட்டு என் வம்சத்தையே இழுப்பா.

இப்பேர்ப்பட்ட என்னை அவ தங்கச்சி வீணா மூணே மாசத்துல வாயடைச்சு உக்கார வெச்சா. தொண்ணூத்தேழுல நடந்த கதை இது.

பெங்களூர்ல கனகபுரா ரோடு தாண்டி ஒரு ரைபிள் கிளப். அங்க ஒரு பழைய துப்பாக்கி வேலை செய்யாம கெடந்துச்சு. வாய் வழியா மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, ராடால இடிச்சு உள்ள தள்ளிச் சுடற ரகம். யாரோ காபி எஸ்டேட்காரர் கிளப்புக்குக் குடுத்துட்டுப் போனது. குதிரை, அதான் மருந்தைப் பத்த வெக்க அடிக்கற சுத்தி, அதோட ஸ்பிரிங் உடைஞ்சு போச்சு, சரி பண்ண ஆள் வேணும்னு கிளப் செக்ரட்டரி கோவிந்தப்பா தேடி, கடைசியில அல்சூர்ல என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. மில்ட்ரியில இருந்து ரிடையரான கன்னடக்காரர், மீசையும் கோடு போட்ட மாதிரி இருக்கும், பேச்சும் கோடு போட்ட மாதிரி இருக்கும். மூணு ஸ்பிரிங் செஞ்சேன், மூணும் உடைஞ்சுது. நாலாவது நின்னுச்சு. "நீங்களே சுடுங்கரீ, ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னாரு.

அவ்வளவுதான், நான் அதுக்கு அடிமை. வாரம் பூரா அடுத்தவன் மெஷினுக்கு எண்ணெ போடறவன் நான். ஞாயித்துக்கிழமை காலையில அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் எனக்கே எனக்குன்னு இருந்துச்சு. குதிரை விழுந்து, 'டுப்'புன்னு சத்தம் வந்து, வெள்ளைப் புகை மொகத்தை மூடிட்டுப் போறப்ப எனக்கு வர்ற சந்தோஷத்தை உஷாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். "புகைக்கு எதுக்குய்யா அவ்ளோ தூரம் போற, நம்ம வெறகு அடுப்பு இல்லையா?"ன்னு கேட்டா.

அந்தத் துப்பாக்கியில ஒரு சங்கதி இருக்கு. குண்டு, குழாயைவிடக் கொஞ்சம் சின்னது. அதனால குண்டுக்கு அடியில வட்டமா வெட்டின ஒரு துணியை வெச்சு, சேத்து உள்ள தள்ளணும். அதுக்கு பேட்ச்னு பேரு. குழாய் உள்ள முறுக்கு முறுக்கா காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியைப் பிடிச்சுக்கறது துணிதான், குண்டு இல்ல. துணி பிடிச்சாத்தான் குண்டு சுத்தும், சுத்துனாத்தான் நேராப் போகும். அந்தத் துணி மேல ஏதாச்சும் வழவழன்னு தடவணும். இல்லேன்னா நாலு குண்டுக்குள்ள கரி படிஞ்சு, அஞ்சாவது உள்ள போகாது. தோசைக்கல்லுக்கு எண்ணெ மாதிரிதான். கம்மியானா ஒட்டும், ஜாஸ்தியானா தோசையே வராது.

நான் என்ன தடவினேன்? வேற என்ன, கிரீஸ்தான். ஃபேக்டரியில பெரிய பிரஸ்ஸுக்குப் போடறது. அதைவிட உசத்தி கிரீஸ் பெங்களூர்லயே கிடையாதுன்னு நெனச்சேன்.

செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, ஆறாவது குண்டு பாதி வழியில நின்னுடுச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. பாதியில நின்ன குண்டோட சுட்டா குழாயே வெடிக்கும். அதனால கோவிந்தப்பா விசில் ஊதி ரேஞ்சையே நிறுத்திட்டாரு. பத்துப் பேரு துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. குண்டை வெளிய எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. எனக்கு மானம் போச்சு.

"உத்தமன், கேளுங்க"ன்னாரு கோவிந்தப்பா. "டிசம்பர்ல நாலு கிளப் சேந்து ஒரு மேட்ச் இருக்கு. அரை மணி நேரத்துல பதிமூணு குண்டு. நீங்க பதிமூணையும் முடிச்சா துப்பாக்கி உங்க கையில இருக்கும். இன்னொரு தடவை குண்டு மாட்டுச்சுன்னா சாகு, போதும், அது ஷோகேஸுக்குப் போகும். ஒருத்தரும் தொடக் கூடாது."

சொன்னதோட விடல மனுஷன். அடுத்த வாரமே ஆசாரியை வெச்சு, கண்ணாடி போட்டு ஒரு ஷோகேஸ் செஞ்சு ஹால் சுவத்துல மாட்டிட்டாரு. காலியா. ஒவ்வொரு வாரமும் நான் உள்ள நொழையறப்ப அது வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்.

தப்பு கிரீஸ் மேலன்னு எனக்குத் தோணவே இல்ல. பழியைத் துணி மேல போட்டேன். துணி எங்க இருந்து வந்துச்சு? வீணாகிட்ட இருந்து. அவ பொம்மனஹள்ளியில ஒரு கார்மெண்ட்ஸ்ல செக்கிங் செக்‌ஷன். தைச்சு வர்ற சட்டையை எடுத்து, தையல் விட்டிருக்கா, நூல் ஓடியிருக்கான்னு பாத்து, தப்பு இருக்கற எடத்துல சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அங்க கழிச்சுப் போடற காட்டன் துணியைக் கேட்டு வாங்கி வந்து குடுப்பா. நான் நேரா அவ வீட்டுக்குப் போயி, "என்னம்மா துணி குடுத்த? என் மானம் காத்துல பறக்குது"ன்னு கத்துனேன்.

அவ அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தா. மொறத்தைக் கீழ வெச்சா. "என் துணியில தப்பா? காட்டுங்க மாமா, பாக்கறேன்"னா.

"சுட்டதுக்கப்புறம் துணி எங்க இருக்கும்? அது எங்கயோ பறந்து விழும்."

"விழுந்த எடத்துல இருக்குமில்ல?"ன்னா.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பஸ் மாறி வந்துட்டா. நான் அஞ்சு குண்டு சுட்டேன். அத்தனை பேரும் பைனாகுலரை வெச்சுக்கிட்டு குண்டு எங்க பட்டுச்சுன்னு டார்கெட்டைப் பாத்தாங்க. சுடறதை நிறுத்திக் கொடி காட்டினதும் இவ டார்கெட் பக்கமே போகல. பத்து அடி, பதினஞ்சு அடி தூரத்துல புல்லுல குனிஞ்சு, கருகிப் போன துணியை ஒண்ணொண்ணாப் பொறுக்கினா. எனக்கு ஒரே கூச்சம். கோவிந்தப்பா மீசைக்குள்ள சிரிச்சாரு.

அஞ்சு துணியையும் பெஞ்சு மேல வரிசையா விரிச்சு, கட்டைவிரலால தடவினா. "மாமா, இது கிழியல. நூல் அறுந்திருந்தா துணி மேல தப்பு. இது வெந்திருக்கு. நடுவுல ஓட்டை, ஓரத்துல தார் மாதிரி ஒட்டுது பாருங்க. துணி நல்ல துணி. நீங்க தடவினதுதான் சரியில்ல."

எனக்கு வந்துச்சே கோபம்! "ஐம்பது டன் பிரஸ்ஸுக்குப் போடற கிரீஸ் அது!"

"பிரஸ் உள்ள நெருப்பு வெக்கறாங்களா?"ன்னு கேட்டா.

கிரீஸ் டப்பாவை எடுத்து மூடினேன்.

அவ அதோட விடல. குதிரை பக்கத்துல படிஞ்சிருந்த வெறுங்கரியை விரல்ல எடுத்து, தண்ணி பாட்டிலைத் தொறந்து அது மேல ஊத்தினா. கரி கரைஞ்சு ஓடிடுச்சு. அப்புறம் அந்தத் தாரை எடுத்து ஊத்தினா. அசையல. "கரி தானாவே தண்ணிக்குக் கரையுது மாமா. உங்க கிரீஸ் சேந்தாத்தான் கெட்டியாகுது. பெட்ரோல் மாதிரி பூமிக்கு அடியில இருந்து எடுக்கற எண்ணெ எதுவும் வேணாம். செடியில இருந்து எடுக்கற எண்ணெயா பாப்போம்."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் கேக்காத கேள்வியை இவ ஒரு தண்ணி பாட்டிலை வெச்சுக் கேட்டுட்டா. கோபம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் 'அட'ன்னு இருந்துச்சு. அன்னிக்கு நான் அதை ஒத்துக்கல.

அடுத்த வாரம் தேங்காய் எண்ணெ. வெயில் ஏறினதும் சொட்டுச்சு, காலையில ஒறைஞ்சு ஒரு பக்கம் தடிப்பும் ஒரு பக்கம் மெலிசுமா நின்னுச்சு. மெட்ராஸ்காரனா இருந்தா அதையே வெச்சுச் சமாளிச்சிருப்பான். இங்க டிசம்பர்ல பாட்டிலை வெயில்ல வெச்சாத்தான் தலைக்கே எண்ணெ கிடைக்கும். அதுக்கடுத்து நல்லெண்ணெ. மூணு குண்டு வரைக்கும் ராஜா மாதிரி போச்சு, நாலுல பிசின். அப்புறம் வெளக்கெண்ணெ. ஃபேக்டரியில மசமசன்னு நிக்கற பசங்களை நான் அந்தப் பேரைச் சொல்லித்தான் திட்டுவேன், அதையே என் துப்பாக்கிக்குத் தடவறதான்னு மொகத்தைச் சுளிச்சேன். வீணா கண்டுக்கல.

வெறும் வெளக்கெண்ணெ வழிஞ்சு ஓடுச்சு. அதுல தேன்மெழுகை உருக்கிக் கலந்தா. மெழுகு கூடினா வெறப்பு, கொறைஞ்சா வழியுது. ஒண்ணுக்கு மூணு, ஒண்ணுக்கு நாலு, ஒண்ணுக்கு அஞ்சுன்னு தனித்தனியா செஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் நாலு பேட்ச். எவ்வளவு தடவணும்னும் கணக்கு வெச்சிருந்தா. தடவி, ரெண்டு விரலுக்கு நடுவுல பிழியணும். விரல் மின்னணும், ஆனா சொட்டக் கூடாது. சுட்டு விழுந்ததை எல்லாம் பொறுக்கி, சட்டைக்குள்ள வெக்கிற அட்டையில குண்டூசியால குத்தி, தேதி, வெயிலா மேகமூட்டமான்னு எல்லாம் எழுதினா. தப்பு இருக்கற எடத்துல அந்தச் சிவப்பு அம்பு. மொதல் அட்டை பூரா அம்புதான். ரெண்டாவதுல பாதி. நவம்பர் கடைசியில ஒரு அட்டை, அதுல ஒரு அம்பு கூட இல்ல. பேட்ச் முழுசா, நடுவுல பழுப்பா ஒரு வளையத்தோட, தொவைச்சா மறுபடி போடலாம்ங்கற மாதிரி வந்து விழுந்துச்சு. அன்னிக்கு நடுவுல ஒரு தடவை கூடத் தொடைக்காம பதிமூணு குண்டு உள்ள போச்சு. கடைசிக் குண்டும் மொதக் குண்டு மாதிரியே வழுக்கிட்டுப் போச்சு. எனக்கு ராடைப் பிடிச்ச கையே புல்லரிச்சுது.

"உனக்கு எதுக்கும்மா இவ்ளோ பாடு? இருக்கறது ஒரு நாள் லீவு"ன்னு கேட்டேன்.

அவ அட்டையைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டே சொன்னா: "தினம் எழுநூறு சட்டை பாக்கறேன் மாமா. அம்பு ஒட்டத்தான் விடுவாங்க. ஏன் இந்தத் தப்பு வந்துச்சுன்னு கேட்டா, உன் வேலையைப் பாருங்கறாங்க. இங்க வந்தாத்தான் ஏன்னு கேக்க முடியுது."

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவ பையை நான் தூக்கிட்டுப் போனேன். அவ பஸ் ஏறினதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மேட்ச் அன்னிக்கு நல்ல பனி. எட்டரை மணிக்கும் டார்கெட் மங்கலாத்தான் தெரிஞ்சுது. வீணா ஒரு பவுடர் டப்பாவைக் குடுத்தா. தொறந்தா பதிமூணு பேட்ச், வட்டமா அடுக்கி. "குளிருக்குக் கொஞ்சம் வெறப்பாத்தான் இருக்கும். துணிக்கு ஒண்ணும் ஆகாது. கை வெக்காதீங்க மாமா"ன்னு சொல்லிட்டு, பாக்கறவங்க நிக்கற கயிறு பக்கம் போயிட்டா.

பேட்சைத் தொட்டுப் பாத்தேன். அப்பளம் மாதிரி நின்னுச்சு. ஹால் ஜன்னல் வழியா அந்தக் காலி ஷோகேஸ் தெரிஞ்சுது. என் மனசுல ஒரு அரிப்பு. வெறப்பா இருக்கற எதைப் பாத்தாலும் என் கை எங்க போகும்? பாக்கெட்டுக்குத்தான். ஒரு சொட்டு, ஒண்ணே ஒண்ணு, இளகட்டும்னு. பதிமூணுக்கும் ஆளுக்கொரு சொட்டு மெஷின் ஆயில் வெச்சுட்டேன். செய்யறப்ப தப்புன்னே தெரியல. வியர்வை தொடைக்கற மாதிரி கை அதுவாச் செஞ்சுது.

விசில் ஊதினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நல்லாத்தான் போச்சு. நாலுல ராடு கொஞ்சம் மொரண்டு பிடிச்சுது. அஞ்சுல உள்ளங்கையால குத்தினேன். ஆறாவது பாதியில நின்னுச்சு. உசுரே நின்னுச்சு எனக்கு. ராடைப் பிடிச்சுத் தொங்கி, பல்லைக் கடிச்சு அழுத்தினேன். ராடுல நான் போட்டு வெச்ச கோடு வாய்க்கு நேரா வர்ற வரைக்கும் அழுத்தி, குண்டு அடி வரைக்கும் போச்சுன்னு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் சுட்டேன். குண்டு எங்க போச்சுன்னே பாக்கல. ராடு நுனி தாரா இருந்துச்சு. ஏழாவது போகாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

பதினாலு நிமிஷம் ஆயிருந்துச்சு. மூணு மாசம் ஒருத்தி ரெண்டு பஸ் மாறி வந்து, வெயில்ல புல்லுல குனிஞ்சு செஞ்சதை, நான் ஒரு நிமிஷத்துல பாழ் பண்ணிட்டேன். என் மேலயே எனக்கு அவ்ளோ ஆத்திரம். மிச்சம் இருந்த ஏழையும் தூக்கி எறியலாம்னு டப்பாவைப் பெஞ்சு மேல கவுத்தேன்.

ஏழு பேட்ச் விழுந்துச்சு. கூடவே அடியில இருந்த பட்டர் பேப்பரும் விலகுச்சு. டப்பாவோட அடின்னு நான் நெனச்சது அடியே இல்ல. அந்தப் பேப்பர் மேல ஒரு சிவப்பு அம்பு, கீழ பாத்து. அதுக்கு அடியில பிளாஸ்டிக் கவர்ல சோப்புத் தண்ணியில நனைச்ச மூணு துணி, ஒரு காஞ்ச துணி. அதுக்கும் கீழ என் மெஷின் ஆயில் படாத பேட்ச், மறுபடியும் முழுசா பதிமூணு.

திரும்பிப் பாத்தேன். வீணா கயித்துக்கு அந்தப் பக்கம் டார்கெட்டைத்தான் பாத்துக்கிட்டு நின்னா. போட்டியில பேசக் கூடாதுங்கறது அவளுக்கும் தெரியும். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. புகைன்னு சொல்லிக்கலாம், ஆனா அப்ப புகையே இல்ல.

ஈரத் துணியை ராடுல சுத்தி மூணு தடவை உள்ள விட்டேன். கறுப்பாக் கறுப்பா வந்துச்சு. காஞ்ச துணியால ஒரு தடவை. நாலு நிமிஷம் போச்சு. மிச்சம் பன்னெண்டு நிமிஷம், ஏழு குண்டு. அவ துணியை எடுத்தேன். வெறப்பாத்தான் இருந்துச்சு, ஆனா குண்டோட சேத்து ராடை வெச்சதும் குழாய்ச் சூட்டுக்கு இளகி, வெண்ணெயா உள்ள போச்சு. எட்டு, ஒம்பது, பத்து. ஒரு தடவை கூட நான் அழுத்தவே இல்ல. பதிமூணாவது சுட்டப்ப அரை நிமிஷம் பாக்கி இருந்துச்சு.

பதிமூணுல நல்லாப் பட்ட பத்தைத்தான் கணக்குல எடுப்பாங்க; அதுக்கு எழுபத்தொம்பது மார்க், ஒம்பது பேர்ல மூணாவது. கோவிந்தப்பா வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. மத்த கிளப்காரங்க நாலு பேரு சுத்தி நின்னாங்க. "ஏன்ரீ உத்தமன், அது என்ன மசாலா தடவினீங்க?"

நெஞ்சை நிமித்தினேன். உண்மையைச் சொல்றேன், 'அது நம்ம ஃபார்முலா சார்'னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு.

அப்பதான் வீணா புல்லுல இருந்து வந்தா. கையில அட்டை. மேல் வரிசையில ஆறு, நடுவுல ஓட்டை விழுந்து, கருகி. கீழ் வரிசையில ஏழு, முழுசா. என்னை ஒரு தடவை பாத்தா. ஸ்டிக்கர் ரோல்ல இருந்து ஒரு அம்பை உரிச்சா, என் சட்டைப் பாக்கெட்டுல, எண்ணெ கேனுக்கு நேரா ஒட்டிட்டா.

"ஏனம்மா இது?"ன்னாரு கோவிந்தப்பா.

"நான் சொல்றேன் சார்"னேன். எல்லாத்தையும் சொன்னேன். கிரீஸ், தண்ணி பாட்டில், மூணு அட்டை, அந்த ஒரு சொட்டு, டப்பாவோட அடி, எதையும் விடல. சொல்லிட்டு அவ பக்கம் திரும்பி, "நான் கை வைப்பேன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டேன்.

"மூணு மாசமா துணியை மட்டுமா பாத்தேன்?"னா.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். "சார், அடுத்த மேட்ச்சுக்கு இந்தத் துப்பாக்கியை வீணா சுடட்டும். என்னைவிட இதை அவளுக்குத்தான் தெரியும்"னேன். கேட்டுட்டேனே தவிர நெஞ்சு வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். வீணா மொகத்தை அன்னிக்குப் பாத்திருக்கணும் நீங்க. எழுநூறு சட்டைக்கு நடுவுல அந்த மொகத்தை யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

கோவிந்தப்பா மீசையைத் தடவினாரு. "ஆகட்டும். பயிற்சி எடுக்கட்டும். ஆனா அந்தம்மா சுட்டா, புல்லுல துணி பொறுக்கறது யாரு?"

"நான்தான் சார்."

வீணா ஸ்டிக்கர் ரோலை என் கையில வெச்சா. "அப்ப மொதல்ல பாக்கெட்டைக் காலி பண்ணுங்க மாமா."

கேனை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷம். எங்க வெக்கறதுன்னு தெரியாம முழிச்சேன். கோவிந்தப்பா அதை என் கையில இருந்து வாங்கி, நேரா ஹாலுக்குள்ள போயி, ஷோகேஸ் கதவைத் தொறந்து, நடுவுல வெச்சுப் பூட்டிட்டாரு. ஒருத்தரும் தொடக் கூடாதாம். இன்னும் அங்கதான் இருக்கு.